“ரீமெட்ச் குடுக்கத்தான் வேணும் மச்சான்”: தோற்ற சம்பியனைப் பற்றித் தர்க்கம் பண்ணுவது எப்படி

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டையை நடத்தும் நிறுவனம் யூஎஃப்சி. அமெரிக்காவில் சனி நள்ளிரவை ஒட்டி நடக்கும் அதன் பிரதான சண்டை, திருகோணமலையில் ஞாயிறு காலை ஒன்பதரை, பத்து மணிக்கு வந்து விழும். அந்நேரம் படிக்கிற பிள்ளைகள் ரியூசனில், கடை வைத்திருப்பவர் கடையில், மிச்சப் பேர் சந்தைக்கும் கோயிலுக்கும் நடுவில். பின்னேரம் டச்சுக் குடாக் கரையில் கூடும்போது முடிவு எல்லாருக்கும் தெரியும். சண்டையை முதல் மணியிலிருந்து கடைசி வரை பார்த்தவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் பார்த்தது முப்பது செக்கன் வீடியோ. ஆனாலும் கடலை முடிந்து, மான் வந்து அந்தப் பொட்டலப் பேப்பரை மோந்து பார்த்துவிட்டுப் போன பிறகும் கொழுவல் ஓயாது.

ஓயாததற்குக் காரணம், இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழைப்பது. “ஏன் தோற்றார்?” என்பது ஒன்று. அதற்கு விடை கூண்டுக்குள், ஒரு குறிப்பிட்ட சுற்றில், ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் இருக்கிறது. “திரும்ப மோத விடுவார்களா?” என்பது மற்றது. அதற்கு விடை அந்த எடைப் பிரிவின் வரிசையிலும் நாட்காட்டியிலும் இருக்கிறது. அநியாயமாகத் தோற்றவருக்கு ரீமெட்ச் கிடைக்காமல் போவதும், சுத்தமாக அடிவாங்கி விழுந்தவருக்கு ஐந்தாம் மாதமே கிடைப்பதும் சாதாரணம். ஆகவே தர்க்கத்தில் இறங்கும்போது முதலில் கேட்க வேண்டியது: “இப்ப நாங்கள் எதைப் பற்றிக் கதைக்கிறம், தோல்வியையா, ரீமெட்சையா?” இதைக் கேட்டாலே பாதிச் சத்தம் அடங்கும்.

முழுச் சண்டையையும் பாருங்கள், சத்தத்தை நிறுத்திவிட்டு

ஐந்து சுற்றுச் சண்டை என்றால் சுற்றுக்கு 5 நிமிடம், நடுவில் நான்கு இடைவேளை ஒவ்வொரு நிமிடம், ஆக மொத்தம் 29 நிமிடம். மூன்று சுற்றென்றால் 17 நிமிடம். ஒரு பிளேன்ரீயும் இரண்டு றோல்ஸும் முடிக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூட. இந்த 29 நிமிடத்தைச் செலவழிக்காதவர் தோல்வியின் காரணத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது நல்லது. ரீமெட்ச் பற்றிக் கதைக்கலாம், அதற்குச் சண்டையைப் பார்த்திருக்க வேண்டுமென்றில்லை.

சுருக்க வீடியோ ஏமாற்றும். அது முடிவை நோக்கி வெட்டப்பட்டது. ஐந்தாம் சுற்றில் விழுந்தவர் முதல் நான்கு சுற்றில் என்ன செய்தார் என்பது அதில் இருக்காது. வர்ணனையும் அப்படித்தான். வர்ணனையாளர் இரண்டாம் சுற்றில் ஒரு கதையைப் பிடித்துக்கொண்டால் மிச்ச மூன்று சுற்றையும் அந்தக் கதைக்குள்ளேயே தள்ளுவார், நாங்களும் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் காதால் கேட்டதை நம்புவோம். அதனால் முதல் தடவை சத்தமில்லாமல் பாருங்கள். இடைவேளை நிமிடத்தில் மட்டும் சத்தத்தைக் கூட்டுங்கள். பயிற்சியாளர் என்ன சொல்கிறார் என்பது அந்த வீரருக்கு என்ன நோகிறது என்பதற்கு நேரடிச் சாட்சி.

ஒரு கொப்பித்தாளில் ஐந்து கோடு இழுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும், பாரமாக விழுந்த அடி எத்தனையாவது நிமிடத்தில், யாருடையது, வாங்கியவர் ஆடினாரா, நிலத்தில் வீழ்த்தியவர் வீழ்த்திய பிறகு என்ன செய்தார், இவ்வளவும் போதும். சுற்று முடிந்த உடனேயே அந்தச் சுற்று யாருக்கென்று எழுதிவிடுங்கள். அடுத்த சுற்றைப் பார்த்துவிட்டுப் போன சுற்றுக்குப் புள்ளி போட்டால் அது புள்ளியாக இராது, ஞாபகமாகத்தான் இருக்கும்.

புள்ளி எப்படி விழுகிறது

கூண்டோரம் மூன்று புள்ளி நடுவர்கள். ஒவ்வொரு சுற்றும் தனிக் கணக்கு; வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. சேதமும் ஆதிக்கமும் பெரிதாக இருந்தால் 10-8. “மொத்தமாய்ப் பார்த்தா ஆர் கூட அடிச்சது” என்ற கேள்விக்கு இந்த முறையில் இடமே இல்லை. மூன்று சுற்றை மயிரிழையில் வென்று, இரண்டு சுற்றில் நல்ல அடி வாங்கியவரும் 48-47 என்று வெல்லலாம். தொடரில் மூன்று மெட்சை ஒவ்வொரு ஓட்டத்தால் வென்று, இரண்டை நூறு ஓட்டத்தால் தோற்றாலும் கிண்ணம் யாருக்கு? அதே கணக்கு.

சுற்றை யார் வென்றார் என்று பார்க்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில், பலன் தந்த அடியும் பிடியும். அங்கே இரண்டு பேரும் சரிசமம் என்றால் மட்டும் யார் முன்னேறித் தாக்கினார் என்று பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால்தான் கூண்டின் நடுப்பகுதியை யார் வைத்திருந்தார் என்பது வரும். “அவன்தானே முழுக்க முன்னுக்கு வந்தவன்” என்பவருக்கு இது தெரியாது. முன்னுக்கு வந்து அடிவாங்கினால் அது அடிவாங்கியது மட்டும்தான். வீழ்த்திப்போட்டு ஒன்றும் செய்யாமல் மேலே கிடந்ததும் அப்படியே, பெரிய பெறுமதி இல்லை. திரையில் ஓடும் அடி எண்ணிக்கையையும் அளவோடு நம்புங்கள். அது அடியை எண்ணுகிறது, பாரத்தை நிறுக்கவில்லை. முகத்தைத் தொட்டுவிட்டுப் போன ஜப்பும், முழங்கால் மடிய வைத்த குத்தும் அங்கே ஒன்று, ஒன்று.

இனி ஒரு சின்ன வித்தை, தர்க்கத்தில் அடிக்கடி உதவும். 10-9 சுற்றொன்றின் கூட்டுத்தொகை 19. ஐந்து சுற்றுக்கு 95, மூன்று சுற்றுக்கு 57. அறிவித்த புள்ளியின் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். 48-47, 49-46, 50-45 எல்லாம் 95. கூட்டினால் 94 வருகிறதா? அப்படியானால் எங்கேயோ ஒரு 10-8 சுற்றோ, தண்டப்புள்ளியோ ஒளிந்திருக்கிறது. 2016 ஓகஸ்டில் கொனர் மெக்ரெகர் நேட் டயஸை இரண்டாம் முறை சந்தித்து வென்ற யூஎஃப்சி 202 நிகழ்ச்சியில் புள்ளிகள் 48-47, 47-47, 48-47. 47-47 போட்ட நடுவர் டயஸுக்கு ஒரு சுற்றை 10-8 ஆகப் போட்டிருக்கிறார் என்பது கூட்டலிலேயே தெரிந்துவிடும். 2023 மார்ச்சில் இலண்டனில் லியொன் எட்வர்ட்ஸ் கமாரு உஸ்மானை வென்றது 48-46, 48-46, 47-47. மூன்றும் 94. மூன்று நடுவரும் ஒரேயடியாக 10-8 போட்டார்களா? இல்லை, மூன்றாம் சுற்றில் எட்வர்ட்ஸ் கூண்டு வலையைப் பிடித்ததற்கு, கூண்டுக்குள் நிற்கும் மத்தியஸ்தர் ஒரு புள்ளியை வெட்டினார். கூட்டல் 94 என்று வந்தால் “களவு” என்று கத்த முன்னம் இந்த இரண்டில் எது என்று தேடுங்கள்.

களவு என்றால் என்ன என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவில் ஊக்கமருந்து அகப்பட்டதை விட்டால், சண்டைகளை மேற்பார்க்கும் அரச ஆணையம் முடிவை மாற்றுவதற்கு மூன்று காரணம்தான் உண்டு: முடிவைப் பாதித்த கள்ளக்கூட்டு, புள்ளியைக் கூட்டியதில் பிழையால் வெற்றி மாறிப்போனது, மத்தியஸ்தர் விதியைப் பிழையாக விளங்கிக்கொண்டது. “நடுவருக்குக் கண் தெரியேல்லை” என்பது அந்தப் பட்டியலில் இல்லை. எனவே முடிவை மாற்றச் சொல்லிக் கேட்பது வீண். புள்ளி நெருக்கமாக இருந்தது என்பதை ரீமெட்சுக்கான வாதமாக எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே அதற்கு மதிப்புண்டு.

தோல்வியின் காரணம்: ஒரு காலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

2021 ஜனவரி, அபுதாபி, யூஎஃப்சி 257. டஸ்டின் பொரியே மெக்ரெகரை இரண்டாம் சுற்றில் 2 நிமிடம் 32 செக்கனில் குத்தி விழுத்தினார். 2014 செப்டெம்பரில் இதே பொரியேயை மெக்ரெகர் 1 நிமிடம் 46 செக்கனில் முடித்திருந்தார். ஆகவே எல்லோருக்கும் அதிர்ச்சி, உடனே இரண்டு கட்சி. ஒன்று “மெக்ரெகருக்குத் தாடை போச்சு” என்றது, அதாவது முகத்தில் விழும் அடியைத் தாங்கும் சக்தி போய்விட்டது என்று. மற்றது “ஒரு வருசம் சண்டை பிடிக்கேல்லை, துருப்பிடிச்சிட்டார்” என்றது. இரண்டு கட்சியும் முடிவுக் குத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. முதல் சுற்றுக்குப் போங்கள்.

இருவருமே இடதுகைக்காரர் போல நிற்பவர்கள், வலது கால் முன்னால். மெக்ரெகர் அண்டைக்கு நின்றது குத்துச்சண்டை நிலை: பாரம் முன்காலில், பாதம் கொஞ்சம் உள்ளே திரும்பி. குத்துக்கு அது நல்லது. ஆனால் பாரம் ஏறிய காலை உதை வரும்போது சட்டென்று தூக்க முடியாது. பொரியே தன் இடது காலால், முழங்காலுக்குக் கீழே, வெளிப்புறத்தில் உதைத்தார். உங்கள் முழங்காலின் வெளிப்பக்கம் சற்றுக் கீழே விரலால் தடவுங்கள், ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றிப் பெரோனியல் நரம்பு தோலுக்கு மிகக் கிட்டவாக வந்து கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்குகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைக்குக் கட்டளை போவது அதன் வழியாகத்தான். அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் வலியோடு சேர்த்துப் பாதமும் சொல்வழி கேளாது. தொடையில் விழும் பழைய உதையைத் தாங்கிக்கொண்டு இரண்டு சுற்று ஓட்டலாம், சதை நிறைய இருக்கிறது. கெண்டைக்கால் உதைக்குச் சில முறை போதும்.

இப்போது இரண்டாம் சுற்றைத் திரும்பப் பாருங்கள். முகத்தைப் பார்க்காமல் மெக்ரெகரின் வலது காலை மட்டும். அடி எடுத்து வைப்பது குறுகுகிறது, பின்வாங்க வேண்டிய இடத்தில் அப்படியே நிற்கிறார், கூண்டோடு சாய்கிறார். குத்து விழுந்தது அதற்குப் பிறகு. அசையாமல் நிற்கிற தாடை எவருடையதாக இருந்தாலும் போகும். ஆகவே “தாடை போச்சு” என்ற வாதம் நிற்காது. “துரு” வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அதற்கு முந்திய சண்டை ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன், அதுவும் 40 செக்கனில் முடிந்தது. ஆனால் துருப்பிடித்ததால் மெதுவானாரா, காலில் விழுந்ததால் மெதுவானாரா என்பதற்கு முதல் சுற்றின் தொடக்கமே பதில். காலில் சேதம் ஏறும் முன் அவருடைய இடது கை நன்றாகவே வேலை செய்தது.

இந்த வழியை எந்தத் தோல்விக்கும் பயன்படுத்தலாம். முடிவு வந்த நிமிடத்திலிருந்து பின்னுக்குப் போங்கள், உடம்பில் முதல் மாற்றம் தெரியும் இடம் வரை. காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும், முடிவில் இராது.

ஒரேயொரு அடியால் வந்த தோல்வி இதற்கு விலக்கு. 2022 ஓகஸ்டில், எட்வர்ட்ஸோடான முந்திய சண்டையில், சம்பியன் உஸ்மான் நான்கு சுற்று முடிவில் மூன்று நடுவரிடமும் 39-37 என்று முன்னால். ஐந்தாம் சுற்றில் 56 செக்கன் மிச்சமிருக்க எட்வர்ட்ஸின் இடது கால் தலையில் விழுந்தது. இதைப் “பிளூக்” என்று தள்ளுவோர் உண்டு. அப்படிச் சொல்லுமுன் பார்க்க வேண்டியது, அந்த அடிக்கு முன் கையால் பொய்க்குத்துக் காட்டி எதிராளியின் தலையை வெளியே நகர வைத்தாரா என்பது. காட்டினார். தலை நகர்ந்த பக்கத்தில் கால் காத்திருந்தது. அதிர்ஷ்டம் அப்படி ஒழுங்கு பண்ணிக்கொண்டு வராது. ஆனால் நான்கு சுற்றில் மூன்றை இழந்தவர் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வசனத்தில் ஒப்புக்கொள்ளத் தெரிந்தவரோடு கதைப்பதே சுகம்.

சாட்டுகள், அவற்றின் நிறை

எடை குறைத்ததால் களைத்தார் என்பது மிகப் பழைய சாட்டு. 155 இறாத்தல் பிரிவு என்றால் 70.3 கிலோ; பட்டச் சண்டையில் அந்த எடைக்கு மேல் ஒரு இறாத்தலும் கூடாது, மற்றச் சண்டையில் ஒரு இறாத்தல் சலுகை. எடை பார்ப்பது சண்டைக்கு முதல் நாள் காலை. அந்த வீடியோவை எடுத்துப் பாருங்கள்: கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, தராசுக்குப் பிடித்துக்கொண்டு ஏறினாரா? அப்படியென்றால் சாட்டுக்கு ஆதாரம் இருக்கிறது. சிரித்துக்கொண்டு ஏறியிருந்தால் இல்லை. சண்டைக்குப் பிறகு முகாம் ஆட்கள் சொல்வதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். தோற்றவர் பக்கத்தில் எல்லாருக்கும் ஏதோ ஒரு எலும்பில் வெடிப்பு இருந்திருக்கும்.

குறுகிய அறிவிப்பு, அதாவது சில நாளுக்கு முன்தான் சண்டைக்குக் கூப்பிட்டார்கள் என்பது, நல்ல சாட்டு, ஆனால் யாருக்குச் சொந்தம் என்று பார்க்க வேண்டும். 2016 மார்ச்சில் மெக்ரெகர் டயஸிடம் இரண்டாம் சுற்றில் கழுத்துப் பிடியில் தோற்றார். பதினொரு நாள் அறிவிப்பில் வந்தவர் வென்ற டயஸ்! மெக்ரெகர் ஆட்கள் சொல்லக்கூடியது வேறு: 145 இறாத்தல் சம்பியன் 170 இறாத்தலில் மோதினார் என்பது. அதற்குக் கனம் உண்டு. 2023 ஒக்டோபரில் அலெக்சாண்டர் வொல்கனோவ்ஸ்கி இரண்டு கிழமைக்கும் குறைந்த அறிவிப்பில், தன் எடைக்கு மேலே போய், இஸ்லாம் மகாச்செவிடம் முதல் சுற்றில் தலையுதை வாங்கியதற்கு இரண்டு சாட்டும் பொருந்தும். பிரச்சினை என்னவென்றால் சாட்டு நியாயமாக இருந்தாலும் பதிவில் தோல்வி தோல்விதான், அடுத்த வாய்ப்பை அது பின்தள்ளும்.

வயது பற்றி ஒரு வரி: வயதைச் சொல்லாதீர்கள், பழைய சண்டையொன்றையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டு, ஒரே குத்துக்குத் தலை எவ்வளவு கெதியாய் விலகியது என்று காட்டுங்கள்.

ரீமெட்ச் கணக்கு

குத்துச்சண்டையில் ரீமெட்ச் என்பது பல நேரம் ஒப்பந்தத்திலேயே எழுதிய சமாச்சாரம். யூஎஃப்சியில் சண்டையைப் பொருத்துவது நிறுவனம். அதனால் “நியாயப்படி கிடைக்க வேணும்” என்ற வாதம் அரைவாசிதான். மீதி அரைவாசி, அவர்களுக்கு அது வசதியா என்பது.

முதலில் பார்க்க வேண்டியது தோற்றவர் எத்தனை முறை பட்டத்தைக் காத்தார் என்பது. இஸ்ரேல் அடெசான்யா ஐந்து முறை காத்தவர். 2022 நவம்பரில் நியூயோர்க்கில் அலெக்ஸ் பெரெய்ராவிடம் ஐந்தாம் சுற்றில் 2 நிமிடம் 1 செக்கனில் தோற்றார். அதுவரை மூன்று நடுவரிடமும் 39-37 முன்னால். காத்த எண்ணிக்கை இருந்தது, புள்ளியில் முன்னால் நின்றார், பெரெய்ராவும் காயமில்லாமல் அதே பிரிவில் இருந்தார். ஐந்தே மாதத்தில், 2023 ஏப்ரலில் ரீமெட்ச் வந்தது, இரண்டாம் சுற்றில் அடெசான்யா விழுத்தினார். கிக்பொக்சிங்கில் இரண்டு முறை, இங்கே ஒரு முறை என்று மூன்று தரம் தோற்றவர் நாலாம் தரம் வெல்ல மாட்டார் என்று சொன்ன எத்தனையோ பேர் அன்று கடலைக்குக் காசு கொடுத்திருப்பார்கள்.

ஆனால் அதே அடெசான்யா, அதே வருடம் செப்டெம்பரில், சிட்னியில் ஷோன் ஸ்ட்ரிக்லண்டிடம் தோற்றபோது உடனடி ரீமெட்ச் இல்லை. என்ன மாறியது? மூன்று நடுவரும் 49-46 போட்டார்கள், நெருக்கம் என்று சொல்ல வழியில்லை. வரிசையில் ட்ரிகஸ் டு ப்ளெசி காத்திருந்தார். அடெசான்யாவும் கொஞ்சக் காலம் சண்டை பிடிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். அடுத்த பட்டச் சண்டை ஸ்ட்ரிக்லண்ட், டு ப்ளெசி. அடெசான்யா திரும்ப வந்தது 2024 ஓகஸ்டில், அதுவும் டு ப்ளெசியோடு. ஒரே ஆள், ஒரே பட்டம், ஒரு வருடத்துக்குள் இரண்டு தோல்வி, இரண்டு விதமான விளைவு. “பெரிய சம்பியனுக்கு எப்பவும் ரீமெட்ச் குடுப்பாங்கள்” என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்த ஒரு உதாரணம் போதும்.

காத்த கணக்கு இல்லாதவர் வரிசையில் பின்னுக்குப் போய் வர வேண்டும். ஜோர்ஜ் சென் பியர் பட்டத்தை முதல் முறை காக்கப்போய் 2007 ஏப்ரலில் மட் செராவிடம் 3 நிமிடம் 25 செக்கனில் தோற்றார். பிறகு கொஸ்செக்கை வென்று, மட் ஹியூஸை இடைக்காலப் பட்டத்துக்கு வென்று, 2008 ஏப்ரலில்தான் மொன்ட்ரியலில் செராவைத் திரும்பப் பிடித்தார். நடுவே இரண்டு சண்டை, ஒரு வருடம். செரா காயப்பட்டு இருந்ததும் அந்தக் காத்திருப்பில் உதவியது. ரீமெட்ச் கேட்பவருக்கு வென்றவரின் காயம் சில நேரம் நல்ல செய்தி.

அடுத்தது, பலர் விட்டுவிடும் இடம்: வென்றவர் எவ்வளவு காலம் அங்கேயே இருப்பார்? ஜோஸே அல்டோ பத்து வருடம் தோல்வி தெரியாதவர், 2015 டிசம்பரில் மெக்ரெகரிடம் 13 செக்கனில் விழுந்தார். ரீமெட்சுக்கு அவரைவிடத் தகுதியானவர் யாருமில்லை. மெக்ரெகர் மேல் எடைக்குப் போய் 145-க்குத் திரும்பவேயில்லை, அல்டோவுக்கு அந்தச் சண்டை கிடைக்கவேயில்லை. மெக்ரெகருக்கும் அதே கதி வந்தது: 2018 ஒக்டோபரில் கபீப் நூர்மகமெதோவிடம் நான்காம் சுற்றில் தோற்றார், காசுக்கணக்கில் பார்த்தால் அதைவிடப் பெரிய ரீமெட்ச் இருந்திராது, ஆனால் கபீப் 2020 ஒக்டோபரில் 29 வெற்றி, ஒரு தோல்வியும் இல்லை என்ற கணக்கோடு கையுறையைக் கழற்றி வைத்து ஓய்வு பெற்றுவிட்டார். வென்றவர் எடை மாறுவாரா, ஓய்வு பெறுவாரா, ஒப்பந்தம் முடிகிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். தோற்றவரின் பெருமை பிறகு.

வென்றவர் அடுத்த சண்டையில் தோற்பதும் உண்டு. ரொண்டா ரவ்ஸி ஆறு முறை பட்டம் காத்து, 2015 நவம்பரில் மெல்பேர்னில் ஹொலி ஹோமிடம் இரண்டாம் சுற்றில் 59 செக்கனில் தலையுதை வாங்கி விழுந்தார். ரீமெட்ச் உறுதி என்று எல்லாரும் நினைத்தார்கள். ரவ்ஸி உடனே தயாராகவில்லை, ஹோம் சும்மா இருக்காமல் 2016 மார்ச்சில் மீஷா டேட்டைச் சந்தித்தார், ஐந்தாம் சுற்றில் கழுத்துப் பிடியில் பட்டத்தை இழந்தார். டேட் ஜூலையில் அமாண்டா நூனெஸிடம் இழந்தார். ரவ்ஸி டிசம்பரில் திரும்பி வந்தபோது எதிரே நின்றது நூனெஸ். 48 செக்கனில் முடிந்தது. காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் பெல்ட் கை மாறும் மாதம்.

இரண்டு முறை ஒரே ஆளிடம் தோற்றவருக்கு மூன்றாவது வாய்ப்பு வேண்டுமானால் நீண்ட பாதை. மெக்ஸ் ஹொலவே வொல்கனோவ்ஸ்கியிடம் 2019 டிசம்பரிலும் 2020 ஜூலையிலும் தோற்றார்; இரண்டாவது சண்டை நடுவர்கள் பிரிந்த முடிவு, ஹொலவே வென்றார் என்று வாதிட நிறைய இடமிருந்தது. அப்படியிருந்தும் மூன்றாவது 2022 ஜூலையில்தான், அதுவும் நடுவில் இரண்டு பேரை வென்ற பிறகு. அதில் 50-45 மூன்று தரம். “இன்னொருக்காப் பிடிச்சா வெல்லுவான்” என்று சொல்லும்போது அதையும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நாட்காட்டிக் கணக்குக்கு ஒரு தொடக்கப் புள்ளி மருத்துவத் தடை. விழுந்தவருக்கு 60 நாள் என்பது அடிக்கடி காணும் அளவு. முறிவு சந்தேகம் என்றால் 180 நாள், அல்லது மருத்துவர் அனுமதி வரும் வரை. அதோடு ஒரு பயிற்சி முகாமுக்கு எட்டுப் பத்துக் கிழமை. ஆகவே விழுந்தவர் மூன்று மாதத்தில் திரும்ப வருவார் என்று பந்தயம் பிடிப்பது காசை மணலில் புதைப்பது. ஐந்து தொடக்கம் எட்டு மாதம் நடைமுறைக்கு ஒத்தது: அடெசான்யா ஐந்து மாதம், உஸ்மான் ஏழு மாதம்.

கரையில் கதைக்கிற விதம்

ஒருவர் “அவனுக்கு அண்டைக்கு ஏலாது” என்று தொடங்கினால் மறுத்துச் சத்தம் போட வேண்டாம். “எந்த ரவுண்ட் மச்சான்? எத்தினையாவது நிமிசம்?” என்று மட்டும் கேளுங்கள். சண்டையைப் பார்த்தவர் பதில் சொல்வார், நீங்களும் ஏதோ கற்றுக்கொள்வீர்கள். பார்க்காதவர் வேறு கதைக்குத் தாவுவார். தாவினால் விடாதீர்கள், போனை எடுத்து அந்த நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். இதற்காகவே கொப்பித்தாளில் நேரம் எழுதச் சொன்னது.

வயதில் மூத்த அண்ணாமார் பெரும்பாலும் ஒரு பழைய வீரரின் ஆட்கள். அவர்களிடம் “உங்கட ஆள் முடிஞ்சுது” என்றால் அன்றைய பின்னேரமே முடிந்தது. “அண்ணா, அவர் வெல்ல வேணுமெண்டா அடுத்த முறை எதை மாத்த வேணும்?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் தோல்வியின் காரணத்தை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். இடக்கு மாதிரி இருக்கும், ஆனால் நல்ல கேள்வி; ரீமெட்சில் யார் வெல்வார் என்பதன் முழு விடையும் அதற்குள் இருக்கிறது. கெண்டைக்கால் உதையால் தோற்றவர் நிற்கும் நிலையை மாற்றினால்தான் முடிவு மாறும். நிலத்தில் கிடந்து தோற்றவர் ஆறு மாதத்தில் மல்யுத்தம் பழகிவிட மாட்டார். அங்கே ரீமெட்ச் பெரும்பாலும் முதல் சண்டையின் மறு ஒளிபரப்பு. ஒரே அடியால் தோற்றவருக்குத்தான் நம்பிக்கை கூட, ஆனால் உஸ்மான் அப்படித் தோற்றும் ரீமெட்சை வெல்லவில்லை.

பந்தயம் கட்டுவதென்றால் வாயால் கட்டாதீர்கள், மூன்றாம் கிழமை யாருக்கும் ஞாபகம் இராது. வட்ஸ்அப் குழுவில் எழுதுங்கள், திகதியோடு. “ரீமெட்ச் வரும்” என்று எழுதினால் பத்து வருடம் கழித்தும் தோற்க மாட்டீர்கள். “12 மாதத்துக்குள், இதே எடைப் பிரிவில், பட்டத்துக்காக” என்று எழுதுங்கள். யார் வெல்வார், எந்தச் சுற்றில், நடுவர் முடிவா நிறுத்தமா என்பதைத் தனித்தனி வரியில். பிறகு கடைசி வரியாக, சண்டையே நடக்காமல் போனால் யார் றோல்ஸ் வாங்குவது என்பதையும் சேருங்கள். அந்த வரியை எழுதாமல் ரவ்ஸி, ஹோம் ரீமெட்சுக்குப் பந்தயம் கட்டியவர்கள் இன்னும் றோல்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.